பிரசங்கம் பண்ணலாம், திருவிருந்து குடுக்கக் கூடாதா? எங்க சபை அக்கா விஷயம்

பெகு_பையன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பர்மா தமிழ் சபைகள்ல இருக்கறவங்க, இருந்துட்டு மலேசியா தாய்லாந்துன்னு போனவங்க யாராச்சும் பதில் சொன்னா உதவியா இருக்கும்.

எங்களோடது பெகு பக்கம் ஒரு கிராமத்துல சின்ன தமிழ் பாப்டிஸ்ட் சபை, பேர் வேண்டாம். பழைய பாஸ்டர் ஐயாவுக்கு உடம்பு முடியாம ரங்கூன்ல மக வீட்டுக்குப் போய்ட்டார். அவருக்கு அடுத்து வர்றதா இருந்த தம்பி பைபிள் ஸ்கூல் பாதில இருந்தான், 2024 பிப்ரவரில ஆள் எடுக்கற சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தாங்கல்ல, ஆம்பளைன்னா 18லருந்து 35 வரைக்கும்னு, அதோட அவனும் தாய்லாந்து எல்லைல மேசோட் பக்கம் போய்ட்டான், அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது. (இதுக்கு மேல அரசியல் வேண்டாம் ப்ளீஸ், த்ரெட்டை மூடிடுவாங்க.)

இப்ப சபைய நடத்தறது ஒரு அக்கா. இன்செயின்ல எம்ஐடில (மியான்மர் இறையியல் கல்லூரி) இறையியல் படிச்சு முடிச்சவங்க. ஞாயித்துக்கிழமை தமிழ்ல பிரசங்கம், அப்புறம் தமிழ் வாசிக்கத் தெரியாத பசங்களுக்கு அதையே சுருக்கி பர்மா பாஷைல சொல்லுவாங்க, வார நடுவுல வீட்டு ஜெபம், சாவு வீடு, ஆஸ்பத்திரி, யார் வீட்டுலயாவது புருஷன் பொண்டாட்டி சண்டைன்னாலும் அக்காவைத்தான் கூப்பிடறாங்க. ஆனா முதல் ஞாயிறு திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் குடுக்கறது) மட்டும் ரங்கூன்ல இருந்து ஒரு பாஸ்டர் வரணும். வழியெல்லாம் செக்போஸ்ட் கேட்டு, செக்கிங், சில மாசம் வரவே முடியறதில்ல. அப்ப திருவிருந்தும் கிடையாது. ஞானஸ்நானத்துக்கு பேர் குடுத்த பசங்க அப்படியே நிக்குறாங்க.

கமிட்டில நான் அக்காவுக்கே ஆர்டினேஷன் (பாஸ்டர் பட்டம்) கேட்டு எழுதலாமேன்னு சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து 1 தீமோத்தேயு 2:12 வாசிச்சார் (பொம்பளை உபதேசம் பண்ணவும் ஆம்பளை மேல அதிகாரம் செலுத்தவும் உத்தரவு இல்லைன்னு பவுல் எழுதின வசனம்), உக்காந்தார், அவ்வளவுதான் கூட்டம் முடிஞ்சது. யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. அக்காகிட்ட கேட்டா நீங்க பேசி முடிங்கப்பா, எனக்கு நாளைக்கு ரெண்டு வீடு பாக்கணும்னு சிரிச்சுட்டுப் போறாங்க.

அடுத்த கூட்டத்துல ‘ஆள் இல்ல, ஆம்பளைங்க எல்லாம் போய்ட்டாங்க, வேற வழி இல்ல’ங்கற பாயிண்ட்டை வெச்சுப் பேசலாம்னு இருக்கேன், அதுக்கு யாரும் மறுத்துப் பேச முடியாதுல்ல. அந்த வசனத்துக்கு என்ன பதில் சொல்றது? மத்த தமிழ் சபைகள்ல என்ன பண்றாங்க?

ஞாயிறு_மணி:

தம்பி, கோவிச்சுக்காதீங்க, நான் அந்தப் பெரியவர் பக்கம். நானும் ரொம்ப காலம் ஒரு தமிழ் சபைல மூப்பரா இருந்தவன். அக்காவோட ஊழியத்தை யாரும் குறைச்சு சொல்லல, ஆனா பவுல் ‘நான் உத்தரவு கொடுக்கிறதில்லை’ன்னு எழுதிட்டு காரணமும் சொல்றார், முதல்ல ஆதாம் அப்புறம் ஏவாள்னு. எபேசு ஊர்ல அன்னிக்கு இருந்த பிரச்சனைன்னு சொல்லித் தள்ளிட முடியாது, சிருஷ்டிப்புல இருந்து காரணம் எடுக்கறார். இயேசு கூட இருந்த பன்னிரண்டு பேரும் ஆம்பளைங்க.

அமெரிக்கால பாப்டிஸ்ட்களே 2000ல தங்களோட விசுவாச அறிக்கைல பாஸ்டர் பொறுப்பு ஆண்களுக்குத்தான்னு எழுதி வெச்சாங்க. 2023ல சாடில்பேக் சபை, எவ்வளவு பெரிய சபை அது, பொம்பளைங்களுக்கு பாஸ்டர் பொறுப்பு குடுத்ததுக்காக வெளிய தள்ளினாங்க. நமக்கு பாப்டிஸ்ட் விசுவாசத்தைக் கொண்டு வந்ததே அமெரிக்கர்கள்தானே. அவங்களே இப்படி இருக்கறப்ப நாம எதுக்கு அவசரப்படணும்?

அத்தோ_கடை:

எங்க குடும்பம் 1960கள்ல கப்பல்ல மெட்ராஸ் வந்தவங்க, நான் பர்மா பாத்ததே இல்ல, ஆனா இந்தத் தளத்தை விடாமப் படிப்பேன். நாங்க இப்ப சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). இங்க பெண் ஐயர்மார் (பாஸ்டர்கள்) இருக்காங்க, திருவிருந்து குடுக்கறாங்க, கல்யாணம் நடத்தறாங்க, வானம் இடிஞ்சு விழல. 2013ல ஆந்திரால நந்தியால் பேராயத்துக்கு புஷ்பா லலிதா அம்மாவை பிஷப்பாவே ஆக்கினாங்க, சிஎஸ்ஐல முதல் பெண் பிஷப் அவங்கதான். ஆனா ஒண்ணு, பட்டம் குடுத்தாலும் பெரிய டவுன் சபைக்கு போஸ்டிங் போடும்போது மட்டும் அவங்க பேர் லிஸ்ட்ல கீழ போயிடும், அது வேற கதை.

சயாமா_இன்செயின்:

தம்பி, நானும் எம்ஐடில படிச்சவதான், உங்க அக்கா எனக்கு சீனியரா ஜூனியரா தெரியல, கேக்கவும் மாட்டேன்.

ஞாயிறு_மணி ஐயாவுக்கு முதல்ல. ஐயா, நீங்க சொன்னது சதர்ன் பாப்டிஸ்ட். 1845ல அடிமை விஷயத்துல வடக்கு தெற்குன்னு பிரிஞ்சாங்களே, அதுல தெற்குப் பக்கம். பர்மா மிஷனைத் தொடர்ந்து நடத்தினது வடக்குக்காரங்க, இன்னிக்கு அமெரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச்சஸ்னு சொல்றவங்க, அவங்ககிட்ட பெண்களுக்கு ஆர்டினேஷன் உண்டு. ஆக, நமக்குக் கொண்டு வந்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்தா கணக்கு உங்களுக்கு எதிரா வருது.

வசனத்துக்கு வர்றேன். அதே 1 தீமோத்தேயு 2ல 9வது வசனத்தையும் வாசிங்க, மயிரைப் பின்னறது, பொன்னு, முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் எல்லாம் வேண்டாம்னு இருக்கு. நம்ம சபைகள்ல கிறிஸ்மஸ் அன்னிக்கு மூப்பர் வீட்டம்மா கழுத்துல எவ்வளவு சவரன் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு எந்தக் கமிட்டியும் கூடினது இல்ல. 9வது வசனம் அந்தக் காலத்து வழக்கம், 12வது வசனம் மட்டும் எக்காலத்துக்கும்னா அந்தக் கோட்டை யார் போட்டது? அடுத்து 1 கொரிந்தியர் 11:5, பெண்கள் சபைல ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலைய மூடிக்கணும்னு பவுலே எழுதறார். பேசவே கூடாதுன்னா மூடிக்கிட்டுப் பேசுன்னு ஏன் சொல்லணும்? அப்பொல்லோவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இன்னும் தெளிவா கத்துக்குடுத்தது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், ரெண்டு பேரும் (அப்போஸ்தலர் 18:26). பிலிப்புவுக்கு நாலு மகள்கள், நாலு பேரும் தீர்க்கதரிசனம் சொல்றவங்க. இஸ்ரவேலுக்கே நியாயாதிபதியா இருந்த தெபொராளைப் பத்தி நான் சொல்ல வேண்டியதே இல்ல, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, இது நம்ம ஊர் விஷயம், நம்ம ஆளுங்களே மறந்துட்டாங்க. ஜட்சன் ஐயா ஜட்சன் ஐயான்னு சொல்றோம், அமெரிக்கால இருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி. 1813ல ரங்கூன்ல வந்து இறங்கினப்ப அவர் மனைவி ஆன் கூட வந்தாங்க. அந்தம்மா பர்மா பாஷைல வினாவிடை எழுதினாங்க, தானியேலும் யோனாவும் மொழிபெயர்த்தாங்க. ஆவா ஜெயில்ல ஜட்சனைப் போட்டு வெச்சப்ப அவர் எழுதி வெச்சிருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிய முதல்ல மண்ணுல புதைச்சு, அப்புறம் ஒரு தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சு ஜெயிலுக்குள்ளயே அனுப்பினது அந்தம்மா. 1826ல கியாய்க்கமில செத்துப் போனாங்க, முப்பத்தாறு வயசு. அப்புறம் சாரா போர்ட்மன், அவங்களும் மிஷனரிதான். தவாய்ல புருஷன் 1831ல காசநோய்ல போனதும் எல்லாரும் ஊருக்குத் திரும்பிடுன்னாங்க, திரும்பல. சின்னப் பையனைத் தூக்கிக்கிட்டு காட்டுப் பாதைல கரேன் கிராமம் கிராமமாப் போய் ஆராதனை நடத்தினாங்க. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் முன்னாடி, இதே பர்மால. நம்ம கமிட்டி இன்னும் பொம்பளை நிக்கலாமான்னு பேசிட்டு இருக்கு.

அப்புறம் எம்ஐடிக்கே தலைமைல இருந்தவங்க அன்னா மே சே பா சயாமா (டீச்சரம்மா). கரேன் அம்மா, பழைய ஏற்பாடு படிச்ச பெரிய படிப்பாளி. நாட்டுல உள்ள பாதி பாஸ்டர்மார் அவங்க கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டை சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க. பாஸ்டர்களை உருவாக்கற இடத்துக்கு ஒரு பொம்பளை தலைவியா இருக்கலாம், அந்த பாஸ்டர் வேலை மட்டும் செய்யக் கூடாதுன்னா எந்த ஊர் நியாயம்?

லூர்து_ரங்கூன்:

நாங்க கத்தோலிக்கர், எங்ககிட்ட இந்தப் பேச்சுக்கே இடமில்ல 😄 1994ல இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் பெண்களுக்கு குருப்பட்டம் குடுக்க திருச்சபைக்கு அதிகாரமே கிடையாதுன்னு எழுதி முடிச்சுட்டார். ஆனா பட்டம் இல்லாமலே தலைமை எப்படி வருதுன்னு பாத்தா எங்ககிட்டதான் பாக்கணும். 2025 ஜனவரில வத்திக்கான்ல ஒரு துறைக்கே தலைவியா சிஸ்டர் சிமோனா பிரம்பில்லாவைப் போட்டாங்க, உலகத்துல உள்ள துறவற சபைங்க எல்லாம், சாமியாருங்க உட்பட, அந்தத் துறைக்குக் கீழதான். மார்ச்ல வத்திக்கான் நகர நிர்வாகத்துக்கே சிஸ்டர் ரஃபாயெல்லா பெத்ரீனி. பூசை மட்டும் வைக்க முடியாது, மத்தபடி எல்லாம்.

இங்க மிச்சினால 2021 மார்ச்ல சிஸ்டர் ஆன் ரோஸ் நு தாங் போராட்டக்காரங்களை சுடாதீங்கன்னு போலீஸ் முன்னாடி மண்டியிட்டு நின்னாங்களே, அந்தப் படம் உலகம் பூரா போச்சு (அரசியல் பேசல தம்பி, நடந்ததை சொல்றேன்). அன்னிக்கு அந்த ரோட்டுல திருச்சபையோட முகம் யாருன்னு கேட்டா பிஷப்னா சொல்லுவீங்க? எங்க நியாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் போனாலும் அப்படித்தான், கூட்டத்தை நடத்தறது, ஜெபமாலை சொல்றது, சோறு போடறது எல்லாம் பொம்பளைங்க, பிரசங்கத்துக்கு மட்டும் மைக் கை மாறும்.

ஞாயிறு_மணி:

சயாமா, சதர்ன் விஷயத்துல நீங்க சொன்னது சரி, அந்தப் பாயிண்ட்டை நான் விட்டுடறேன். ஆனா நீங்க சொன்ன எல்லாரும் தீர்க்கதரிசனம், கற்பித்தல், மிஷன் வேலை. சபை மேய்ப்பன்ங்கற பொறுப்பு வேற. பிரிஸ்கில்லாள் புருஷனோட சேர்ந்துதான் கத்துக்குடுத்தா. தெபொராளும் தளபதி பாராக்கை அனுப்பித்தானே யுத்தம் பண்ணினா? நான் பேசக் கூடாதுன்னு சொல்லல, மேய்ப்பு வேண்டாம்னு சொல்றேன். நகை விஷயம் சொன்னீங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, எங்க வீட்டம்மாகிட்டயும் இல்ல.

தனியா_ஒரு_குரல்:

ஐயா, சாவு வீட்டுக்குப் போறது, ஆஸ்பத்திரில உக்காந்து இருக்கறது, சண்டை தீர்க்கறது, இதெல்லாம் மேய்ப்பு இல்லாம வேற என்ன? அக்கா ஏற்கனவே மேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. பேரும் சம்பளமும்தான் பாக்கி.

மேமியோ_குளிர்:

இவ்வளவு நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். பெகு தம்பி, வசன விவாதத்துல சயாமா நல்லா சொல்லிட்டாங்க, நான் அதுக்குள்ள போகல. நீங்க கடைசில எழுதின ஒரு வரிதான் எனக்கு உறுத்துது. ‘ஆள் இல்ல, வேற வழி இல்ல’ன்னு பேசப் போறேன்னீங்களே, தயவு செஞ்சு அந்தப் பாயிண்ட்டை மட்டும் எடுக்காதீங்க. சுலபமா ஜெயிக்கிற பாயிண்ட் அதுதான், பின்னாடி அக்காவைக் கவுக்கப் போறதும் அதுதான்.

ஏன்னு சொல்றேன். ஆங்கிலிக்கன் சபைல உலகத்துலயே முதல்ல குருப்பட்டம் வாங்கின பெண் ஒரு சீன அம்மா, ஃப்ளோரன்ஸ் லி டிம்-ஓய். ரெண்டாம் உலக யுத்தம், ஹாங்காங்கை ஜப்பான்காரன் பிடிச்சுட்டான், பக்கத்துல மக்காவ் பூரா அகதிங்க, அங்க இருந்த ஆங்கிலிக்கன் சபைய நடத்தினது டீக்கனா (குருவுக்கு ஒரு படி கீழ) இருந்த இந்தம்மா. குருமார் கடல் தாண்டி வந்து திருவிருந்து குடுக்க முடியல. உங்க கதையேதான், ரங்கூன் பாஸ்டருக்குப் பதிலா ஹாங்காங் குரு, கேட்டுக்குப் பதிலா ஜப்பான் பட்டாளம். பிஷப் ஹால் என்ன பண்ணினார்னா, 1944 ஜனவரி 25 அன்னிக்கு அவங்களை சீனாவுக்குள்ள வரவெச்சு குருப்பட்டம் குடுத்தே விட்டுட்டார். யுத்தம் முடிஞ்சது. உடனே மேல இருந்தவங்க பிஷப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க, எப்படிக் குடுத்தே, திருப்பி வாங்குன்னு. பிஷப்புக்கு சங்கடம் வரக் கூடாதுன்னு இந்தம்மா 1946ல தன்னோட லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, பட்டத்தை விடல ஆனா அந்த ஊழியத்தை செய்ய முடியாது. ஹாங்காங் சபை பெண்களுக்கு முறையா குருப்பட்டம் குடுத்தது 1971ல. நடுவுல எத்தனை வருஷம் பாருங்க. சண்டை நேரத்துல செஞ்ச வேலைய யாரும் தப்புன்னு சொல்லல, சண்டை முடிஞ்சதும் நீ தேவைப்படலன்னுதான் சொன்னாங்க.

சயாமா சொன்ன சாரா போர்ட்மனையும் இதே கண்ணால பாருங்க. புருஷன் செத்ததால காட்டுக்குள்ள போய் ஆராதனை நடத்த முடிஞ்சது, யாரும் தடுக்கல ஏன்னா வேற ஆள் இல்ல. 1834ல ஜட்சனைக் கல்யாணம் பண்ணினாங்க, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஜட்சனோட ரெண்டாவது சம்சாரம்னுதான் சொல்லுவாங்க, தவாய் வாய்லயே வராது.

நாளைக்கு நிலைமை சரியாகும், ஆகணும்னுதான் ஜெபிக்கறோம். மேசோட் போன தம்பி திரும்பி வருவான். ஆள் இல்லாததாலதான் அக்காவுக்குப் பட்டம்னு மினிட்ஸ்ல எழுதியிருந்தா, ஆள் வந்த அன்னிக்கு அக்காவுக்கு சால்வை போத்தி நன்றி சொல்லிட்டு பெண்கள் ஐக்கியத்துக்கு அனுப்பிடுவாங்க. காரணம் போயிடுச்சுல்ல, யார் என்ன கேக்க முடியும்? அதனால அழைப்பு இருக்கு, படிப்பு இருக்கு, சபை அவங்களை மேய்ப்பரா ஏத்துக்குதுன்னு எழுதுங்க. இந்தக் காரணம் சபைக்குப் பிடிக்கலன்னா இப்பவே பிடிக்கலன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. ஓட்டுல தோக்கட்டும், பரவாயில்ல. வாட்ச்மேன் லீவுல போனா கேட்டுல உக்காத்தி வைக்கிற ஆள் மாதிரி அவங்களை உக்காத்தி வைக்காதீங்க.

திருவிருந்து பத்தி ஒண்ணு. நீங்க பாப்டிஸ்ட், கத்தோலிக்கரோ ஆங்கிலிக்கனோ இல்ல. குருவோட கைல விசேஷமா ஒண்ணு இருந்தாத்தான் அது திருவிருந்துன்னு உங்க உபதேசத்துலயே கிடையாது, விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்னுதான் சொல்லிக் குடுக்கறாங்க. பட்டம் வாங்கினவர்தான் குடுக்கணும்ங்கறது ஒழுங்குக்காக வந்த வழக்கம். சபை கூடி தீர்மானம் போட்டு அக்காவை இதுக்கு நியமிச்சா, ஆர்டினேஷன் வர்றதுக்கு முன்னாடியே திருவிருந்து நடத்தறதுக்கு தடை ஒண்ணும் இல்லன்னுதான் நான் நினைக்கறேன், உங்க கன்வென்ஷன் (பாப்டிஸ்ட் சபைகளோட கூட்டமைப்பு) விதிய மட்டும் ஒரு வாட்டி பாத்துக்குங்க. கல்யாணம் மட்டும் ஜாக்கிரதை. 1872 கிறிஸ்தவ திருமணச் சட்டம்தான் இன்னும் இங்க ஓடுது, அதுல யார் நடத்தலாம்னு கண்டிஷன் இருக்கு, லைசென்ஸ் இல்லாதவங்க நடத்தினா பாவம் அந்தப் பொண்ணு மாப்பிள்ளை தலைலதான் விடியும். அதுவரைக்கும் கல்யாணத்துக்கு ரங்கூன் பாஸ்டரே வரட்டும்.

அத்தோ_கடை:

மேமியோ அண்ணன் சொன்னதுல சம்பளத்தை விட்டுட்டார். பழைய பாஸ்டருக்கு என்ன குடுத்தீங்களோ அதையே அக்காவுக்கும்னு தீர்மானத்துல எழுதுங்க. இங்க நான் பாத்த ஒரு சபைல (பேர் சொல்லல) ஒரு அம்மாவுக்கு பாதி சம்பளம், கேட்டா புருஷன் சம்பாதிக்கறார்லன்னு பதில். ஆம்பளை ஐயருக்கு பொண்டாட்டி டீச்சரா இருந்தா யாராவது குறைக்கறாங்களா?

ஞாயிறு_மணி:

மேமியோகாரர் சொன்னது நேர்மையான பேச்சு, எனக்குப் பிடிச்சிருக்கு. என் கருத்து மாறல. ஆனா வேற வழி இல்லைன்னு சொல்லி என் வாயை அடைக்கறதை விட, அழைப்புன்னு சொல்லி என்னோட வாதாடறதுதான் மரியாதை. அந்தக் கமிட்டில நான் இருந்தா எதிர்த்து ஓட்டுப் போடுவேன், ஆனா சபை முடிவு பண்ணிட்டா அந்தம்மா கையால திருவிருந்து வாங்குவேன். வாங்காம எந்திரிச்சுப் போறவங்களும் இருப்பாங்க தம்பி, அதுக்கும் தயாரா இருங்க.

பெகு_பையன்:

எல்லாருக்கும் நன்றி, ஞாயிறு_மணி ஐயாவுக்கும்தான். நேத்து இதெல்லாம் அக்காகிட்ட வாசிச்சுக் காட்டினேன். மக்காவ் அம்மா கதை வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு, ‘அந்தத் தம்பி திரும்பி வந்தா நான் எங்க போறதுன்னு நானே யோசிச்சிருக்கேன், யார்கிட்டயும் கேட்டதில்ல’ன்னாங்க. அப்ப ஆள் இல்லைங்கற பேச்சையே எடுக்கல. அறுப்பு முடிஞ்சதும்தான் அடுத்த கமிட்டி, அதுக்கு முன்னாடி பெண்கள் ஐக்கியத்துல உள்ள அத்தைங்ககிட்டயும் பேசணும், ஏன்னா அந்தப் பெரியவருக்குக் கை தட்டினதுல பாதிப் பேர் அவங்கதான், அதை நான் முதல்ல சொல்லல. திருவிருந்துக்குத் தனியா ஒரு தீர்மானம், ஆர்டினேஷனுக்குத் தனியா ஒண்ணு, சம்பளமும் அதுலயே.

தீர்மானத்தை எப்படி எழுதறதுன்னு மாதிரி யார்கிட்டயாவது இருக்கா? தமிழ்ல இருந்தா நல்லது, கன்வென்ஷனுக்கு அனுப்ப பர்மா பாஷைலயும் வேணும்.

சயாமா_இன்செயின்:

பர்மால எழுதினது எங்கிட்ட ஒண்ணு இருக்கு, ஒரு கரேன் சபை போட்டது, பேரெல்லாம் எடுத்துட்டு மெசேஜ்ல அனுப்பறேன். அத்தைங்ககிட்ட வசனத்தோட போகாதீங்க. அவங்க வீட்டுல சாவு விழுந்த ராத்திரி யார் வந்து உக்காந்தாங்கன்னு கேளுங்க, அப்புறம் வசனத்துக்கு வாங்க. தமிழ்ல எழுதினதும் இங்க போடுங்க, எங்க பக்கத்துலயும் ஒரு சபைக்கு வேண்டியிருக்கு.